கரைப்பான் ஒட்டுமுறை

கரைப்பான் ஒட்டுமுறை என்பது தெளிவான நெகிழித் தகடுகளின் விளிம்புகளை ஒரு கரிமக் கரைப்பானால் இளக்கி, இளகிய பரப்புகளை ஒன்றோடொன்று சேர்த்து, கரைப்பான் ஆவியான பின் அவை ஒரே துண்டாக இறுகும்படி செய்யும் இணைப்பு முறையாகும். அக்ரிலிக், பாலிகார்பனேட்டு, பாலிஸ்டைரீன், பிவிசி ஆகிய நெகிழிகள் இம்முறையில் இணைக்கப்படுகின்றன. இதற்குப் பயன்படும் நீர்மம் கரைப்பான் ஒட்டு அல்லது கரைப்பான் சிமெண்டு எனப்படும். கட்டடச் சிமெண்டுக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை.

பசை என்பது இரு பரப்புகளுக்கு இடையே மூன்றாவது பொருளாக நிலைத்து நிற்பது. கரைப்பான் ஒட்டு அவ்வாறு நிற்பதில்லை. வேலை முடிந்ததும் அது காற்றில் கலந்து மறைந்து விடுகிறது. இணைப்பு கண்ணாடி போலத் தெளிவாக அமைவதற்குக் காரணம் இதுவே. வேலை செய்பவருக்கு நேரும் கேட்டுக்கும் காரணம் இதுவே. ஏனெனில் இணைப்பில் தங்காத கரைப்பான் முழுவதும் அவர் மூச்சு விடும் காற்றுக்குள்தான் போகிறது.

தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில் எந்திரத் தடுப்புகள், உதிரிப்பாகத் தட்டுகள், சோதனைக் கூண்டுகள், அறிவிப்புப் பலகைகள் முதலியவற்றுக்குத் தெளிவான நெகிழித் தகடுகள் தேவைப்படுகின்றன. இவை பெரும்பாலும் ஒன்றிரண்டு எண்ணிக்கையில் வேண்டப்படுபவை. அச்சு வார்த்துச் செய்வதற்கு எண்ணிக்கை போதாத இத்தகைய வேலைகளுக்கே கரைப்பான் ஒட்டுமுறை ஏற்றது.

பெயர்கள்

இந்தியக் கடைகளிலும் பட்டறைகளிலும் டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் எம்டிசி என்றே வழங்குகிறது. மெத்திலீன் டைகுளோரைடு என்னும் பழைய வணிகப் பெயரின் சுருக்கம் அது. மெத்திலீன் குளோரைடு என்பதும் இதே பொருள்தான். ஒரே நீர்மத்துக்கு மூன்று பெயர்கள் இருப்பதால், ஒரு பெயரில் எச்சரிக்கை படித்தவர் வேறு பெயரில் அதே பொருளை வாங்கும் வாய்ப்பு உண்டு. குளோரோஃபார்ம் வேறு பொருள். ஆயினும் அக்ரிலிக் ஒட்டுவதற்கு அதுவும் இந்தியாவில் பரவலாகப் பயன்படுகிறது. பொது மக்களுக்கு மிகவும் அறிமுகமான கரைப்பான் ஒட்டு, குழாய்ப் பணியாளர்கள் பிவிசி குழாய்களைப் பொருத்தும்போது தடவுவதாகும். அதற்கு ஐஎஸ் 14182 என்ற இந்தியத் தரம் உண்டு.

வேதியியல் அடிப்படை

நெகிழி என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. அக்ரிலிக் தகட்டின் வேதிப்பெயர் பாலிமெத்தில் மெத்தக்ரைலேட்டு. அறை வெப்பநிலையில் அதன் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னி அசையாமல் கிடக்கின்றன. ஏறத்தாழ 105 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அவை நகரத் தொடங்கும். இது கண்ணாடி மாறுநிலை வெப்பநிலை எனப்படும். பொருத்தமான கரைப்பானின் சிறு மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்கும்போது, சூடாக்காமலேயே அதே இளக்கம் கிடைக்கிறது. அந்நிலையில் இரு பரப்புகளைச் சேர்த்து வைத்தால் ஒரு பக்கத்துச் சங்கிலிகள் மறுபக்கத்துக்குள் விரவிப் பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் வெளியேறியதும் பின்னல் அப்படியே உறைந்து விடுகிறது. உலோகப் பற்றவைப்போடு ஒப்பிட்டு இதனைக் குளிர்ப் பற்றவைப்பு என்று கூறுவதும் உண்டு.

எல்லாக் கரைப்பானும் எல்லா நெகிழிக்கும் பொருந்தாது. எந்த நீர்மம் எதைக் கரைக்கும் என்பதைக் கணிக்க அமெரிக்க வேதியியலாளர் சோயல் ஹில்டிபிராண்டு வகுத்த கரைதிறன் அளபுரு உதவுகிறது. இதன் மதிப்பு அக்ரிலிக்குக்கு ஏறத்தாழ 19, குளோரோஃபார்முக்கும் 19, டைகுளோரோமீத்தேனுக்கும் அசிட்டோனுக்கும் 20 அளவில். எக்சேனுக்கு 15, எத்தனாலுக்கு 26, நீருக்கு 48. மதிப்புகள் நெருங்கினால் கரையும், விலகினால் கரையாது. பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் அறை வெப்பநிலையில் எந்தக் கரைப்பானுக்கும் எளிதில் இளகுவதில்லை என்பதால் அவற்றை இம்முறையில் ஒட்ட இயலாது. கரைப்பான்களை அடைத்து வைக்கும் புட்டிகள் பாலிஎத்திலீனால் செய்யப்படுவதற்கும் அதுவே காரணம். மாறாக, தேநீர்க் கடையின் பாலிஸ்டைரீன் குவளையில் கரைப்பானை ஊற்றினால் குவளையே கரைந்து மேசையில் ஒழுகும்.

வரலாறு

அக்ரிலிக் தகட்டை செருமனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ஓட்டோ ரோம் என்பவரின் நிறுவனம் உருவாக்கி, 1933இல் பிளெக்சிகிளாஸ் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதே பத்தாண்டில் பிரித்தானியாவின் ஐசிஐ நிறுவனம் பெர்ஸ்பெக்சு என்ற பெயரில் இதே பொருளை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரில் வானூர்திகளின் விமானி அறைக் கூரைகள் இதனால் செய்யப்பட்டன. உடைந்த கூரைகளின் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் கிடந்தும் ஒவ்வாமை ஏற்படுத்தாததைக் கவனித்த ஆங்கில மருத்துவர் ஹரால்டு ரிட்லி, 1949இல் முதன்முதலாக அக்ரிலிக் வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார். மதுரை அரவிந்த் கண் மருத்துவ அமைப்பு 1992இல் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் செய்யத் தொடங்கிய கண் வில்லைகளும் இதே நெகிழியால் ஆனவையே.

பாலிகார்பனேட்டு 1953இல் செருமனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் சுனெல், அமெரிக்காவின் செனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் பாக்ஸ் ஆகிய இருவராலும் தனித்தனியே உருவாக்கப்பட்டது. மோதலைத் தாங்குவதில் அக்ரிலிக்கைப் பன்மடங்கு விஞ்சும் இது, கீறல் விழுவதில் அதனினும் மோசமானது.

2020இல் கோவிட்-19 பரவியபோது கடைகள், வங்கிகள், பேருந்துகள் எங்கும் அக்ரிலிக் தடுப்புகள் எழுந்தன. நோயாளிக்கு மூச்சுக்குழாய் செருகும்போது மருத்துவரைக் காக்கத் தைவானைச் சேர்ந்த ஒரு மயக்கவியல் மருத்துவர் வடிவமைத்த அக்ரிலிக் பெட்டி, பல நாடுகளில் சிறு பட்டறைகளில் ஒட்டிச் செய்யப்பட்டது. அப்பெட்டிகளின் பயன் பின்னர் ஐயத்துக்குள்ளானது. எனினும் இத்தொழிலுக்குப் புதியவர்கள் பலர் வந்தது அக்காலத்தில்தான்.

கரைப்பான்கள்

டைகுளோரோமீத்தேன் இவற்றுள் முதன்மையானது. நிறமற்றது, இனிப்பு வாடை உடையது, நீரைவிட 1.33 மடங்கு அடர்த்தியானது. அறை வெப்பநிலையில் எளிதில் தீப்பற்றுவதில்லை என்பதால் இது பாதுகாப்பானது என்ற தவறான எண்ணம் பட்டறைகளில் நிலவுகிறது. இதன் கொதிநிலை 39.6 பாகை செல்சியசு. சென்னைச் சுற்றுப்புறத்தில் கத்திரி வெயில் 40 பாகையைக் கடக்கும் நாள்கள் உண்டு. அந்நாள்களில் தகரக் கூரையின் கீழ் வைத்த புட்டிக்குள் இந்நீர்மம் கொதிநிலையிலேயே இருக்கும். மூடியைத் திறந்தவுடன் பீறிட்டு முகத்தில் தெறிக்கவும் கூடும். இது தமிழ்நாட்டிலேயே மேட்டூரில் குளோரோமீத்தேன் ஆலையில் உற்பத்தியாகிறது.

குளோரோஃபார்ம் 61 பாகையில் கொதிப்பதால் சற்று மெதுவாக உலர்கிறது. 1847இல் எடின்பரோவின் சேம்சு யங் சிம்சன் இதனை மயக்க மருந்தாகப் பயன்படுத்தினார். இதயத்தைத் திடீரென நிறுத்தக் கூடியது, கல்லீரலைக் கெடுப்பது என்பவை தெளிவானதும் மருத்துவம் இதனைக் கைவிட்டது. அறுவை அரங்கிலிருந்து வெளியேற்றப்பட்ட பொருள் பட்டறை மேசையில் திறந்த கிண்ணத்தில் இருப்பது வியப்புக்குரியது. வெளிச்சமும் காற்றும் பட்டால் குளோரோஃபார்மில் சிறிது சிறிதாகப் பாஸ்ஜீன் என்ற நச்சு வளிமம் உருவாகும். பழுப்புப் புட்டியில், சிறிதளவு எத்தனால் கலந்து அது விற்கப்படுவதன் காரணம் இதுவே.

எத்திலீன் டைகுளோரைடு, மெத்தில் எத்தில் கீட்டோன், டெட்ராஐதரோபியூரான், அசிட்டோன் ஆகியவையும் பயன்படுகின்றன. இவை எளிதில் தீப்பற்றுபவை. எத்திலீன் டைகுளோரைடின் தீப்பற்றுநிலை 13 பாகை. அசிட்டோனுக்குச் சுழியத்துக்குக் கீழே 20 பாகை. அதாவது தமிழ்நாட்டின் எந்தப் பருவத்திலும் இவற்றின் ஆவி ஒரு பொறிக்காகக் காத்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். டெட்ராஐதரோபியூரான் நெடுநாள் திறந்து மூடிய புட்டியில் வெடிக்கக்கூடிய பெராக்சைடுகளை உண்டாக்கும்.

செய்முறை

இம்முறையில் திறமை பெரும்பாலும் ஒட்டுவதற்கு முன்பே செலவாகிறது. விளிம்பு நேராகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும். கரைப்பான் நீரைப் போல நீர்த்தது. இடைவெளியை அது நிரப்பாது. வாளால் அறுத்த விளிம்பிலுள்ள பற்குறிகளைச் சுரண்டியால் அல்லது உப்புத்தாளால் நீக்க வேண்டும். ஆனால் பளபளப்பாக்கக் கூடாது. பளபளப்பாக்கும்போது விளிம்பு வளைந்து இடைவெளி உண்டாகும். தீச்சுடரால் பளபளப்பாக்கிய விளிம்பில் உள் இறுக்கம் தேங்கி, கரைப்பான் பட்டதும் வெடிப்புகள் தோன்றும். சீரொளியால் வெட்டிய விளிம்புக்கும் இதே குறை உண்டு. கண்ணாடி போல மின்னும் அந்த விளிம்பைப் பார்த்து, இனி எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று நினைப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அத்தகைய துண்டுகளை ஏறத்தாழ 80 பாகையில் தகட்டின் தடிப்புக்கேற்பச் சில மணி நேரம் சூடாக்கி மெல்ல ஆற விட்டால் உள் இறுக்கம் தணியும்.

தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் காப்புத் தாளை இணைப்பு அருகே சில சென்டிமீட்டர் உரித்து விட வேண்டும். உரிக்காவிட்டால் கரைப்பான் தாளின் அடியில் ஊர்ந்து பரப்பில் அழியாத கறையை உண்டாக்கும்.

துண்டுகளை உலர்ந்த நிலையிலேயே செங்கோணத்தில் நிறுத்தித் தாங்கு கொடுத்த பிறகு, ஊசி பொருத்திய புட்டியால் இணைப்பின் ஓரமாகக் கரைப்பானை ஓட விடுவர். பரப்பு இழுவிசையால் அது இடுக்கின் உள்ளே தானாகப் பரவும். இது நுண்புழை முறை. பரவிய இடம் தெளிவாகவும் பரவாத இடம் வெள்ளியாகவும் தெரிவதால் வேலையின் நிறைவைக் கண்ணாலேயே காணலாம். தடித்த தகடுகளுக்கு மற்றொரு உத்தி உண்டு. மெல்லிய கம்பிகளை இணைப்பின் இடையே வைத்து மிக நுண்ணிய இடைவெளி விட்டு, கரைப்பானை நிரப்பி, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பொறுத்துப் பரப்புகள் இளகிய பின் கம்பிகளை உருவுவர். மேல் தகடு தன் எடையாலேயே அமர்ந்து குமிழிகளை வெளியே தள்ளும். கையால் அழுத்தக் கூடாது. அழுத்தினால் இளகிய பொருள் பிதுங்கி இணைப்பு வறண்டு போகும்.

மருத்துவ ஊசிக்குழலை இதற்குப் பயன்படுத்துவோர் பலர். அதன் இரப்பர் தண்டு கரைப்பானில் ஊதிச் சிக்கிக்கொள்ளும். சிக்கிய தண்டைப் பலம்கொண்டு அழுத்தும்போது ஊசி கழன்று நீர்மம் கண்ணில் பாய வாய்ப்புள்ளதால் பாலிஎத்திலீன் புட்டியே நல்லது. அலுமினியக் கிண்ணங்களும் ஆகா. குளோரின் உள்ள கரைப்பான்கள் அலுமினியத்தோடு வினைபுரியக் கூடும்.

ஐந்து முதல் பத்து நிமிடங்களில் துண்டைக் கையாளலாம். முழு வலிமைக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். விளிம்பு சரியாகப் பொருந்தாத இடங்களில், அதே நெகிழியின் சீவல்களைக் கரைத்துக் கெட்டியாக்கிய கரைப்பான் பயன்படும். நீர்வாழ் உயிரினக் காட்சியகங்களின் மிகத் தடித்த சுவர்களை வெறும் கரைப்பானால் ஒட்டுவதில்லை. அவற்றின் இணைப்பில் ஒற்றைப்படி மெத்தில் மெத்தக்ரைலேட்டை ஊற்றி அங்கேயே நெகிழியாக மாறச் செய்வர்.

மழைக்காலமும் வெண்படலமும்

வேகமாக ஆவியாகும் கரைப்பான் தான் இருந்த பரப்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் குளிர்ந்த பரப்பில் பனி போல நீர் படிந்து, இளகிய நெகிழியோடு கலந்து வெண்மையாக உறைந்து விடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் திசம்பர் வரை காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் இக்குறை மிகுதி. ஈரம் குறைந்த அறையில் ஒட்டுவதும் மெதுவாக ஆவியாகும் கரைப்பானைத் தேர்வதும் தீர்வுகள்.

ஈரக்காற்று புகாமல் இருக்கச் சன்னல்களை அடைத்து விடுவதும் வழக்கில் உண்டு. வெண்படலத்தைத் தவிர்க்க மூடிய அதே அறைக்குள் கரைப்பான் ஆவி முழுதும் தேங்குகிறது. மழைக்காலத்தில் வேலைத் தரமும் உடல்நலமும் எதிரெதிரே நிற்பதால், குளிர்பதன அறையை மட்டும் நம்பாமல் மேசையிலிருந்தே ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் அமைப்பது இன்றியமையாதது. பொதுவான குளிர்பதனப் பெட்டி அறைக்காற்றையே சுற்றி விடுகிறது. ஆவியை அது அகற்றுவதில்லை.

பாலிகார்பனேட்டும் எந்திரத் தடுப்புகளும்

பாலிகார்பனேட்டையும் டைகுளோரோமீத்தேனால் ஒட்டலாம். அது மிக விரைவில் உலர்வதால் எத்திலீன் டைகுளோரைடை 60க்கு 40 என்ற அளவில் கலப்பதுண்டு. ஆனால் இந்நெகிழி கரைப்பான்களுக்கு எளிதில் பலியாவது. வளைத்தோ திருகு இறுக்கியோ உள்ளிறுக்கம் உண்டான இடத்தில் கரைப்பான் ஆவி பட்டாலே மயிரிழை வெடிப்புகள் தோன்றும். கடைசல் எந்திரங்களின் குளிர்விப்பு எண்ணெயும் தூய்மையாக்கும் நீர்மங்களும் நாளடைவில் அதன் மோதல் வலிமையைக் குறைக்கின்றன.

வாகன உதிரிப்பாக ஆலைகளில் பாலிகார்பனேட்டுத் தடுப்பின் வேலை, எந்திரத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வரும் உலோகத் துண்டைத் தொழிலாளியின் முகத்துக்கு முன் தடுத்து நிறுத்துவது. வெளியில் குறையின்றித் தோன்றும் தகடு ஒட்டிய கோட்டில் நொறுங்கினால் அதன் பயன் அங்கேயே முடிந்தது. எனவே மோதலைத் தாங்க வேண்டிய தடுப்புகளைச் சட்டகத்தில் பொருத்தி மறையாணியால் பிணைப்பதே முறை. கரைப்பான் ஒட்டு தூசு மூடிகளுக்கும் காட்சிப் பெட்டிகளுக்கும் போதும். மின்னணுத் தொழிற்சாலைகளில் நிலைமின்னைக் கடத்தப் பூச்சு பூசிய தகடுகள் பயன்படுகின்றன. கரைப்பான் வழிந்த இடத்தில் பூச்சும் போய் விடும் என்பதால் அங்கும் எச்சரிக்கை தேவை.

வாகனங்களின் பின்விளக்குகளில் அக்ரிலிக் மூடியும் நெகிழிக் கூடும் இணைக்கப்படுகின்றன. பேரளவு உற்பத்தியில் அதற்குக் கரைப்பானைப் பயன்படுத்துவதில்லை. சூட்டுத்தட்டு, அதிர்வு, மீயொலி, சீரொளி ஆகியவற்றால் உருக்கி இணைப்பர்.

உடல்நலக் கேடுகள்

டைகுளோரோமீத்தேன் ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது. மேசையிலிருந்து வழிந்து தரையில் பரவிப் பள்ளமான இடத்தில் தேங்கும். மேலே சுழலும் மின்விசிறி அதனை வெளியேற்றாமல் அறை முழுவதும் கலக்கி விடும்.

அளவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு உதவும். 10 மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி அளவு, 13.3 கிராம் எடையுள்ளது. ஆவியானால் அது ஏறத்தாழ 3.8 லிட்டர் வளிமமாகும். மூன்று மீட்டர் நீள அகல உயரமுள்ள மூடிய அறையின் கொள்ளளவு 27,000 லிட்டர். அறைக்காற்றில் ஆவியின் அளவு பத்து இலட்சத்தில் 140 பங்கு ஆகிறது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்பு 1997இல் வகுத்த வரம்பு எட்டு மணி நேரச் சராசரியாக 25 பங்கு. 15 நிமிடத்துக்கு 125 பங்கு. இந்த ஆவியின் வாடை பொதுவாக 200 பங்குக்கு மேல்தான் மூக்குக்குத் தெரியும். வாடை தெரிந்ததும் வெளியேறலாம் என்பது இந்தக் கரைப்பானுக்குப் பொருந்தாது.

உள்ளே சென்ற ஆவி முதலில் மூளையை மந்தமாக்குகிறது. தலைவலி, தலைச்சுற்றல், போதை போன்ற உணர்வு, பின்னர் மயக்கம். இதைவிட மறைவானது அடுத்த விளைவு. 1972இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தபடி, கல்லீரல் டைகுளோரோமீத்தேனைச் சிதைத்துக் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. புகையே இல்லாத இடத்தில் வேலை செய்தவரின் குருதியில் புகை நச்சு சேர்கிறது. உடலின் கொழுப்பில் தங்கிய கரைப்பான் மெல்ல வெளிவருவதால் வேலை முடிந்த பின்பும் பல மணி நேரம் இது தொடரும். இதய நோயாளிகளுக்கும் கருவுற்றோருக்கும் இது மிகவும் தீங்கானது. கோவிட் காலத்துக்குப் பின் பலரிடமும் இருக்கும் விரல்நுனி ஆக்சிசன் மானியை இங்கு நம்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய குருதியையும் அக்கருவி நல்ல குருதியாகவே காட்டும். பாதிக்கப்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோர் கரைப்பானின் பெயரை மருத்துவரிடம் கூறுவது அதனால்தான் முக்கியமானது.

அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை குளியல் தொட்டிகளின் பழைய பூச்சை இந்நீர்மத்தால் நீக்கிக் கொண்டிருந்த 13 தொழிலாளர்கள் இறந்தனர். காற்றோட்டமற்ற சிறு குளியலறையில், தொட்டியின் மேல் குனிந்து, தனியாக வேலை செய்தது அவர்களின் நிலை. பெரிய அக்ரிலிக் தொட்டிக்குள் தலையை நுழைத்து உட்புற மூலையை ஒட்டுபவரின் நிலையும் ஏறத்தாழ அதுவே.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை டைகுளோரோமீத்தேனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு மிகுந்தவற்றின் 2ஏ பிரிவில் சேர்த்துள்ளது. குளோரோஃபார்மும் எத்திலீன் டைகுளோரைடும் 2பி பிரிவில் உள்ளன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024இல் டைகுளோரோமீத்தேனின் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை விதித்து, தொடர அனுமதித்த பயன்பாடுகளுக்கு எட்டு மணி நேர வரம்பை 2 பங்காகக் குறைத்தது.

தீயும் பாஸ்ஜீனும்

டைகுளோரோமீத்தேன் ஆவி சுடரிலோ, பற்றவைப்புப் பொறியிலோ, செந்தணலாக உள்ள பரப்பிலோ பட்டால் ஐதரசன் குளோரைடும் பாஸ்ஜீனும் உண்டாகலாம். பாஸ்ஜீன் முதல் உலகப் போரில் படைக்கலமாகப் பயன்பட்டது. 1984இல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டு தயாரிக்கப்பட்டதும் பாஸ்ஜீனிலிருந்துதான். ஆகவே ஒட்டும் மேசையும் மின்பற்றவைப்பும் ஒரே கூரையின் கீழ் இருத்தல் ஆகாது. ஒட்டும்போது புகைபிடிப்பதும் இதே காரணத்தால் இருமடங்கு தீங்கு.

தற்காப்பு

துணி முகமூடியும் தூசு முகமூடியும் ஆவியைத் தடுப்பதில்லை. கரி நிரப்பிய முகமூடியில்கூட டைகுளோரோமீத்தேன் விரைவில் ஊடுருவி விடுவதால், வெளிக்காற்று குழாய்வழி வரும் மூச்சுக்கருவியையே அமெரிக்க விதி கோருகிறது. அது சிறு பட்டறைக்கு எட்டாத செலவு. அங்கு முதல் தற்காப்பு ஆவியைப் பிறந்த இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றுவதும், குறைந்த அளவு ஊற்றுவதும், புட்டியை உடனே மூடுவதும் ஆகும். உறிஞ்சும் வாய் மேசை மட்டத்தில், வேலைக்கு அப்பால் இருக்க வேண்டும். மேலே இருந்தால் ஆவி வேலை செய்பவரின் முகத்தைக் கடந்துதான் செல்லும்.

கையுறை குறித்த தவறான நம்பிக்கையும் பரவலானது. மருத்துவ இலேடெக்சு, நைட்ரைல் கையுறைகளை இக்கரைப்பான் சில நிமிடங்களுக்குள் ஊடுருவுகிறது. உள்ளே சிக்கிய நீர்மம் ஆவியாக இயலாமல் தோலை எரிப்பதால் நனைந்த கையுறையை உடனே கழற்ற வேண்டும். பாலிவினைல் ஆல்ககால் கையுறை தாங்கும். ஆனால் அது நீரில் கரையும், வியர்வைக்கும் ஆகாது. பல அடுக்குப் படலக் கையுறை பொருத்தமானது. கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவ வேண்டும். மயங்கியவரைக் காற்றோட்டத்துக்குக் கொண்டு வந்து 108 ஊர்தியை அழைக்க வேண்டும். மீட்கச் செல்பவர் அதே ஆவிக்குள் நுழைகிறார் என்பதால் முதலில் கதவு சன்னல்களைத் திறப்பது தேவை.

திருப்பெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம்

இராமானுசர் பிறந்த ஊராக அறியப்பட்ட திருப்பெரும்புதூரின் சுற்றுப்புறம், 1990களின் இறுதியிலிருந்து தொழில் வட்டாரமாக மாறியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை இயங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலையும், 2012இல் டைம்லர் சரக்குந்து ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் திறக்கப்பட்டன. பெரிய ஆலைகளைச் சுற்றி அவற்றுக்குத் தாங்கிகளும் மூடிகளும் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் வளர்ந்தன. நெகிழித் தொழில்நுட்பத்தில் முறையான பயிற்சிக்கு 1968இல் சென்னை கிண்டியில் தொடங்கப்பட்ட சிபெட் நிறுவனம் உள்ளது. ஆயினும் அக்ரிலிக் ஒட்டுதல் பெரும்பாலும் ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துப் பழகும் தொழிலாகவே இருக்கிறது.

மூடிய கூடங்களில் வேதிப்பொருள் ஆவி எவ்வளவு விரைவில் பலரைப் பாதிக்கும் என்பதை இவ்வட்டாரம் 2010 சூலையில் கண்டது. அங்குள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மயக்கமுற்று மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். பூச்சிக்கொல்லி தெளித்ததே காரணம் எனக் கருதப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு சீனாவின் சுசோ நகரில், தொடுதிரைகளைத் துடைக்க ஆல்ககாலுக்கு மாற்றாக விரைவில் உலரும் எக்சேனைக் கொடுத்ததால் 137 தொழிலாளர்கள் நரம்புப் பாதிப்புக்கு உள்ளாயினர். இவ்விரண்டும் ஒட்டும் வேலையில் நேர்ந்தவை அல்ல. ஆனால் சில நொடி விரைவுக்காகக் கரைப்பானை மாற்றும் முடிவு ஒட்டும் மேசையிலும் நாள்தோறும் எடுக்கப்படுகிறது.

சட்ட நிலை

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் மின்னாற்றலுடன் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தைத் தொழிற்சாலை என வரையறுத்து, ஆவியையும் தூசையும் வெளியேற்றும் கடமையை உரிமையாளர் மீது சுமத்தியது. போபால் நிகழ்வுக்குப் பின் 1987இல் இடர்மிகு செயல்முறைகள் பற்றிய அத்தியாயம் சேர்க்கப்பட்டது. இச்சட்டத்துக்கு மாற்றாக வந்த 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் தொழிற்சாலைக்கான எண்ணிக்கை மின்னாற்றலுடன் இருபதாக உயர்த்தப்பட்டுள்ளது. நான்கைந்து பேர் வேலை செய்யும் அக்ரிலிக் பட்டறை பொதுவாகப் பழைய வரையறைக்கும் வெளியே, புதியதற்கும் வெளியே. பெரிய ஆலையின் வாயிலுக்குள் அதே வேலை நடந்தால் விதிகள் பொருந்தும்.

வேதிப்பொருளுடன் பாதுகாப்புத் தரவுத்தாள் தரப்பட வேண்டும். ஆனால் புட்டியிலிருந்து புட்டிக்கு மாற்றிச் சில்லறையாக விற்கும்போது தாளும் பெயர்ச்சீட்டும் வந்து சேர்வதில்லை. ஒடிசா, பீகார், சார்க்கண்டு மாநிலங்களிலிருந்து வந்து இவ்வட்டாரத்தில் வேலை செய்வோருக்கு, வந்து சேரும் சீட்டும் படிக்க இயலாத மொழியில் இருக்கிறது.

கழிவு

மீந்த கரைப்பானைச் சாக்கடையில் ஊற்றுதல் கூடாது. நீரைவிடக் கனமானதால் டைகுளோரோமீத்தேன் நீரின் மேல் மிதக்காமல் அடியில் இறங்கி, மண்ணின் ஊடே நிலத்தடி நீரை அடையக் கூடியது. அங்கு காற்றுப் படாததால் எளிதில் ஆவியாவதும் இல்லை. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி இத்தொழில் வட்டாரத்துக்கு அண்மையில் உள்ளது. கழிவுக் கரைப்பானையும் அது ஊறிய துணிகளையும் மூடிய கலத்தில் சேர்த்து, 2016ஆம் ஆண்டின் இடர்க்கழிவு விதிகளின்படி உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இத்தகைய கழிவுகளுக்கான பொது அகற்றிடம் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் அமைந்துள்ளது.